ரூட்டரை அணைத்துப் போட்டால் லாக்கும் போய்விடுகிறது: எங்கே சேமித்து வைப்பது?

பாளை_படிப்பகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் வந்து உட்காரும் படிப்பகம் ஒன்றின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வைஃபை ரூட்டர்தான், ஓபன்-டபிள்யூஆர்டி என்ற திறமூல இயங்குதளம் போட்டது. 128 எம்பி ரேம், 16 எம்பி ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத உள் சேமிப்பு), யுஎஸ்பி போர்ட் ஒன்று. இதை அமைத்துக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் நெட் நின்றுவிடுகிறது. தினமும் இல்லை, கூட்டம் அதிகமாக இருக்கிற நாட்களில். போனில் வைஃபை குறி முழுசாக இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பாதியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். யாராவது எழுந்து போய் சுவிட்சை அணைத்துப் போடுவார்கள், சரியாகிவிடும். நான் ராத்திரி போய் ஸ்டேட்டஸ் மெனுவில், ரூட்டர் தன்னில் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் சிஸ்டம் லாக்கைத் திறந்தால், அணைத்துப் போட்ட பிறகு வந்த வரிகள் மட்டும்தான் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது அதற்கு முந்தின ஐந்து நிமிடம்.

அதை அழியாமல் வைத்துக்கொள்ள என்ன வழி?

கோட்டாறு_கோபுரம் எழுதியது:

அண்ணாச்சி, லாக் ரேமில் இருக்கிறது. கரண்ட் போனால் ரேம் காலி, லாக்கும் காலி. ஓபன்-டபிள்யூஆர்டியில் இதைக் கவனிக்கிற நிரலுக்கு லாக்டி என்று பெயர். நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தை எடுத்துக்கொண்டு அதில் எழுதும். இடம் நிரம்பினால் மிகப் பழைய வரி போய்ப் புது வரி வரும். பல பதிப்புகளில் அந்த இடம் 64 கிலோபைட்தான்.

64 கிலோபைட் என்றால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிக்குச் சராசரியாக 100 எழுத்து வைத்தால் அறுநூற்றுச் சொச்சம் வரி. ஒரு போன் வைஃபையில் சேரும்போது, வைஃபையைக் கவனிக்கும் ஹோஸ்ட்-ஏபிடி என்ற நிரல் இரண்டு மூன்று வரி எழுதும். பிறகு ஐபி முகவரி கேட்பது, கொடுப்பது, ஏற்பது என்று, முகவரி பங்கிடும் டிஹெச்சிபி நாலு வரி. நூறு போன் ஒரு முறை உள்ளே வந்து போனாலே அந்த இடம், அதாவது பஃபர், ஒரு சுற்று சுற்றிவிடும். அதனால் யாரும் அணைக்காமல் விட்டால்கூட, நீங்கள் ராத்திரி வந்து பார்ப்பதற்குள் ஏழு மணி வரிகள் போயிருக்கும்.

சேலம்_சிக்னல் எழுதியது:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? லூசியில் (ரூட்டரின் வலைப்பக்க நிர்வாகத் திரையில்) சிஸ்டம் போய், லாகிங் டேபைத் திறந்து, "ரைட் சிஸ்டம் லாக் டு ஃபைல்" என்கிற கட்டத்தில் எட்சி என்ற அமைப்பு அடைவுக்குள் ஒரு கோப்புப் பெயரைக் கொடுங்கள். அது ஃபிளாஷில் உட்காரும், கரண்ட் போனாலும் அழியாது. வேலை முடிந்தது.

பழைய_முனையம் எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சேலம் நண்பர் சொன்னது வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. கொஞ்ச காலத்துக்குத்தான் செய்யும்.

16 எம்பி ஃபிளாஷில் ஃபர்ம்வேர் போக எழுதுவதற்கு மிஞ்சுவது சில எம்பி. அந்த மிச்சத்தில்தான் உங்கள் கடவுச்சொல், வைஃபை அமைப்பு, கூடுதலாக நிறுவிய தொகுப்புகள் எல்லாம் இருக்கின்றன. இந்த வகை நார் ஃபிளாஷில் ஒரு எழுத்தை மாற்றி எழுத வேண்டுமென்றாலும் ஒரு முழுத் தொகுதியை அழித்தாக வேண்டும், பொதுவாக 64 கிலோபைட். ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ 1,00,000 தடவை அழிப்பதைத் தாங்கும் என்று சிப் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எப்போதாவது அமைப்பை மாற்றிச் சேமிப்பதற்கு அது ஆயுசுக்கும் போதும். நொடிக்கு நொடி வரி விழுகிற லாக்குக்குப் போதாது. ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமை தேய்மானத்தை எல்லாத் தொகுதிக்கும் பரப்பிவிடும். ஆனால் பரப்புவதற்கு இடம் இருந்தால்தானே?

இன்னொரு ஆபத்து அதைவிடச் சீக்கிரம் வரும். எழுதும் இடம் நிரம்பிவிட்டால் அமைப்பு மாற்றங்களைச் சேமிக்க முடியாது. பென்டிரைவ் கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், போர்டில் பற்றவைத்த ஃபிளாஷ் சிப்பை அப்படி மாற்ற முடியாது.

ஈத்தர்_நெட்டி எழுதியது:

சரி, ஃபிளாஷ் வேண்டாம். பஃபரை 8 எம்பி என்று ஏற்றிவிடலாமே? ரேம்தான் 128 இருக்கிறதே.

கோட்டாறு_கோபுரம் எழுதியது:

அணைத்துப் போட்டால் 8 எம்பியும் சேர்ந்துதான் போகும், மூலப் பிரச்சினை அப்படியே நிற்கும். தவிர 128 எம்பியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் வைஃபை டிரைவரும் எடுத்தது போக மிச்சம் கையளவுதான். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவும் அதே ரேமில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வார் அடைவு என்பது டெம்ப்புக்குப் போகும் இணைப்பு மட்டுமே. மற்ற லினக்ஸ் கணினியில் வார் அடைவுக்குள் லாக் எழுதிப் பழகியவர்கள், இங்கேயும் அது வட்டில் இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது இதனால்தான்.

அண்ணாச்சி, பஃபரை 512 கிலோபைட் என்று வையுங்கள். இப்போதைக்கு அது போதும், ரேமுக்கும் உறுத்தாது.

பாளை_படிப்பகம் எழுதியது:

512 வைத்துவிட்டேன். யுஎஸ்பி போர்ட் சும்மாதான் கிடக்கிறது. பென்டிரைவ் செருகினால் சரியாக வருமா?

பழைய_முனையம் எழுதியது:

வரும். ஆனால் மூன்று இடத்தில் வழுக்கிவிடும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

கடையிலிருந்து வரும் பென்டிரைவ் ஃபேட் வகையில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்தால் கோப்பு முறைமை குழம்பிப்போகும், உங்கள் இடத்தில் அடிக்கடி நடப்பதே அதுதான். ஈஎக்ஸ்டி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அதில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருப்பதால் பெரும்பாலும் தானே மீண்டுகொள்ளும். ரூட்டரில் யுஎஸ்பி சேமிப்பு டிரைவர், ஈஎக்ஸ்டி4 தொகுப்பு, பிளாக்-மவுன்ட் ஆகிய மூன்றையும் நிறுவ வேண்டும்.

அடுத்தது கோப்பின் அளவு. லாக் சைஸ் என்று கொடுக்கிற எண் ரேம் பஃபருக்கும் பொருந்தும், கோப்புக்கும் பொருந்தும். கோப்பு அந்த அளவைத் தாண்டியதும் அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி-பூஜ்யம் சேர்த்து ஒதுக்கிவிட்டு, புதுக் கோப்பைத் தொடங்கும். அடுத்த முறை தாண்டும்போது ஒதுக்கிய கோப்பின் மேலேயே எழுதிவிடும். 16 ஜிபி பென்டிரைவ் செருகினாலும் 64 என்று இருந்தால் கையில் மிஞ்சுவது 128 கிலோபைட். எண்ணைப் பெரிதாக்கினால் ரேம் பஃபரும் கூடவே வீங்கும். அதைத் தடுக்க லாக்-பஃபர்-சைஸ் என்று தனி அமைப்பு இருக்கிறது. அதில் 512 வைத்துக்கொண்டு, லாக் சைஸை மட்டும் 20,000 என்று ஏற்றலாம். அந்தத் தனி அமைப்பை லூசியில் தேட வேண்டாம், சிஸ்டம் அமைப்புக் கோப்பில் கையால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட மோசமானது. ஏதோ ஒரு காரணத்தால் பென்டிரைவ் மவுன்ட் ஆகவில்லை, அதாவது ரூட்டரின் அடைவோடு இணையவில்லை, என்று வையுங்கள். ரூட்டர் எந்தக் குறையும் சொல்லாது. மவுன்ட் செய்ய வேண்டிய அந்தக் காலி அடைவு இருப்பது உள் ஃபிளாஷில். லாக் அங்கே எழுதப்படும். நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். அதனால் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லாக் சேவையைக் கிளப்புகிற மாதிரி ஒரு சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

எங்கள் பக்கம் கேபிள் நெட் நடத்துகிறவர்கள் மைக்ரோடிக் ரூட்டர்தான் வைத்திருப்பார்கள். அதிலும் கதை இதுவேதான். நினைவகத்தில் 1,000 வரி, வட்டில் எழுதச் சொன்னால் கோப்புக்கு 1,000 வரி வீதம் இரண்டு கோப்பு, பெட்டியில் வரும்போதே இருக்கும் அளவு அது. நாங்கள் எதையும் உள்ளே வைப்பதில்லை. ஆக்‌ஷன் என்ற இடத்தில் ரிமோட் என்று கொடுத்து, வெளியே ஒரு கணினிக்கு அனுப்பிவிடுவோம்.

பழைய_முனையம் எழுதியது:

வைகைக்கரை சொன்னதுதான் என் முடிவும். பென்டிரைவும்கூட ரூட்டரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற பொருள்தான். லாக் நமக்கு மிகவும் தேவைப்படுவது ரூட்டர் மூச்சுத் திணறுகிற நேரத்தில். அந்த நேரத்தில் எழுதுகிற பொறுப்பையும் அதன் தலையிலேயே வைப்பது சரியில்லை. வரி பிறந்த கணமே பெட்டியை விட்டு வெளியே போய்விட வேண்டும். பிறகு யார் வேண்டுமானாலும் சுவிட்சை அணைக்கட்டும்.

இது புது வித்தையும் இல்லை. 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக சிஸ்லாக்கை எழுதினார். பிறகு யுனிக்ஸ் உலகமே அதை எடுத்துக்கொண்டது. நடைமுறையில் இருந்ததை 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் எழுதி வைத்தது, 2009இல் ஆர்எஃப்சி 5424 அதை முறையான தரமாக்கியது. ஒரு வரி, அதன் தலையில் ஒரு எண், யூடிபி 514ஆம் போர்ட், அவ்வளவுதான் அதன் உடம்பு. அந்த எண்ணில் இரண்டு செய்தி அடங்கியிருக்கும்: எந்தப் பகுதியிலிருந்து வந்தது, எவ்வளவு அவசரம். அவசரம் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. பூஜ்யம் என்றால் கணினியே பயன்படாத நிலை, ஏழு என்றால் பிழைதேடுகிறவருக்கான விவரம். ரூட்டர், சுவிட்ச், யுபிஎஸ், பிரின்டர் எல்லாமே இந்த ஒரு பாஷையைப் பேசும்.

படிப்பகத்தில் ஓடுகிற நிலையில் பழைய லேப்டாப் ஏதாவது கிடக்கிறதா? பேட்டரி கொஞ்சம் நின்றாலும் போதும், கரண்ட் போகிற நேரத்திலும் லாக் வாங்கும்.

பாளை_படிப்பகம் எழுதியது:

இருக்கிறது சார். கீபோர்டில் சில விசை வேலை செய்யாததால் ஓரமாக வைத்த லேப்டாப். டெபியன் 12 லினக்ஸ் போட்டுவிட்டேன். ஆனால் லாக் அடைவுக்குள் சிஸ்லாக் என்ற கோப்பையே காணோம்.

பழைய_முனையம் எழுதியது:

டெபியன் 12இலிருந்து, சிஸ்லாக் வரிகளை வாங்கிக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, சிஸ்டம்-டியின் சொந்த லாக்கான ஜர்னல் மட்டும்தான் இருக்கும். ஆர்சிஸ்லாக் தொகுப்பை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஐஎம்-யூடிபி தொகுதியை ஏற்றும் வரியும், 514இல் காது கொடுக்கும் வரியும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், முன்னால் ஹாஷ் குறி போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். இரண்டிலும் ஹாஷை எடுத்துவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குங்கள். ரூட்டரிலிருந்து வருவதைத் தனிக் கோப்பில் போடச் சொல்லி ஒரு விதியும் சேர்த்துவிடுங்கள். லேப்டாப்பின் சொந்த வரிகளோடு கலந்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

ரூட்டர் பக்கம், அதே லாகிங் டேபில் "எக்ஸ்டர்னல் சிஸ்டம் லாக் சர்வர்" கட்டத்தில் லேப்டாப்பின் முகவரி. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கணினியின் பெயரைக் கொடுக்காதீர்கள், ஐபி எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணையும் லேப்டாப்பிலேயே நிலையாக எழுதிவிடுங்கள், ரூட்டரிடமிருந்து வாங்க வேண்டாம். விழுவது பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸாகவோ டிஹெச்சிபியாகவோ இருந்தால், பெயரை நம்பிய லாக்கும் கூடவே விழுந்துவிடும்.

லேப்டாப்பை வைஃபையில் வைக்காமல் கம்பியில் இணையுங்கள். மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி லாகின்-டி அமைப்பில் மூடி விசைக்கு இக்னோர் என்று வையுங்கள்.

ஈத்தர்_நெட்டி எழுதியது:

யூடிபியா டிசிபியா? யூடிபியில் வரி தொலைந்தால் அனுப்பியவருக்கே தெரியாதே, டிசிபி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்குமே.

பழைய_முனையம் எழுதியது:

ஒரே அறையில், ஒரே கம்பியில் யூடிபி போதும். வேறு கட்டிடத்துக்கோ ஊருக்கோ போகிறதென்றால் டிசிபி. இணையம் வழியாகப் போகிறதென்றால் வெறும் சிஸ்லாக் கூடவே கூடாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டிஎல்எஸ் பூட்டோடு 6514ஆம் போர்ட்டில் அனுப்ப ஆர்எஃப்சி 5425 வழி சொல்கிறது. லாக்டிக்கு அது தெரியாது, ரூட்டரில் சிஸ்லாக்-என்ஜி தொகுப்பைப் போட வேண்டியிருக்கும்.

514ஐ வெளி உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உள்ளேயும் ரூட்டரின் எண்ணிலிருந்து வருவதை மட்டும் லேப்டாப்பின் ஃபயர்வால் ஏற்கட்டும். யூடிபியில் அனுப்புநர் எண்ணைப் பொய்யாகப் போடுவது எளிது. முடிந்தால் பிள்ளைகளின் வைஃபையைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிடுங்கள், லேப்டாப் இருக்கும் பக்கம் அவர்கள் போன் எட்டவே கூடாது.

பாளை_படிப்பகம் எழுதியது:

லாக் வர ஆரம்பித்துவிட்டது! பார்க்கவே நிறைவாக இருக்கிறது. ஒரு சந்தேகம். ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டுச் சோதித்தேன். எழுந்ததும் வந்த முதல் வரிகளில் தேதி பழையதாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று சரியான நேரத்துக்குத் தாவுகிறது. கோப்பில் வரிகள் முன்னுக்குப் பின்னாகத் தெரிகின்றன.

கோட்டாறு_கோபுரம் எழுதியது:

இந்த ரூட்டர்களில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது அண்ணாச்சி. எழும்போது நேரம் என்னவென்றே அதற்குத் தெரியாது. எட்சி அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் தேதியை எடுத்து, இப்போது அதுதான் நேரம் என்று வைத்துக்கொள்ளும். நீங்கள் கடைசியாக அமைப்பை மாற்றிய நாள் எதுவோ அந்த நாளில்தான் எழுந்திருக்கும். பிறகு இணையம் வந்து, நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்ட பின்புதான் திருந்தும்.

இரண்டு வேலை செய்யுங்கள். ரூட்டரில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். யுடிசியில் விட்டிருந்தால் எல்லா வரியும் ஐந்தரை மணி நேரம் பிந்தியே இருக்கும். அடுத்து, ஆர்சிஸ்லாக்கில் கோப்புக்கு எழுதும் வார்ப்புருவில், ரூட்டர் சொன்ன நேரத்துக்குப் பதிலாக லேப்டாப் வரியை வாங்கிய நேரத்தைப் போடச் சொல்லுங்கள். டைம்-ஜெனரேட்டட் என்பது அதற்கான பண்பின் பெயர். ஒரே அறை என்பதால் இரண்டுக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது. பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. வார்ப்புருவில் ஆண்டையும் சேர்த்துவிட்டால் டிசம்பர் வரியையும் ஜனவரி வரியையும் பின்னால் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

சட்டப்பக்கம் எழுதியது:

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 28 அன்று, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 70பி பிரிவின் கீழ் வந்தது. லாக்குகளை 180 நாள் சுழற்சியில் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நடத்தும் என்டிபி சர்வர்களோடு, இல்லையென்றால் அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும் என்கிறது. வீட்டில் ரூட்டர் வைத்திருக்கிற தனிமனிதருக்கு இது இல்லை என்று அவர்களே கேள்வி-பதிலில் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் கட்டணம் வாங்கி நடத்தும் நிறுவனம் தனிநபர் உடைமையாக இருந்தாலும், அந்தச் சட்டம் சொல்லும் பாடி கார்ப்பரேட் என்பதற்குள் வரக்கூடும். படிப்பகத்தின் கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

டெபியனில், பழைய லாக்குகளைச் சுழற்றி அழிக்கும் லாக்ரோடேட் தானாக வைத்திருப்பது வாரம் ஒன்றாக நாலு கோப்பு. அதாவது ஒரு மாதத்தைத் தாண்டியது அழிந்துவிடும். 180 நாள் வேண்டுமென்றால் அந்தக் கோப்புக்கென்று தனி விதி எழுத வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு செய்கிறவர் டிஎன்எஸ் அமைப்பில் "லாக் குவெரீஸ்" என்பதையும் போட்டுவிடுங்களேன். எந்த போன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதும் பதிவாகும். நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால் கையில் ஆதாரம் இருக்கும்.

பழைய_முனையம் எழுதியது:

இதை நான் முழுசாக எதிர்க்கிறேன். பாளை நண்பர் தேடுவது ஏழு மணிக்கு ஏன் நெட் நிற்கிறது என்பதை. அதற்கும், ஒரு பெண் பிள்ளை தன் போனில் எந்த மருத்துவத் தகவலைத் தேடினாள் என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பதிவு மேசைக்குக் கீழே கிடக்கும் பழைய லேப்டாப்பில் மாதக்கணக்கில் கிடக்கும், யார் கண்ணில் படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆதாரமாகவும் அது தேறாது. 2019இல் வந்த ஆன்ட்ராய்டு 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் வைஃபைக்குக் கருவியின் அடையாள எண்ணான உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் மாற்று முகவரியைத்தான் காட்டுகின்றன. ஆளை நிறுவ முடியாத பதிவை வைத்துக்கொண்டு ஆளின் அந்தரங்கத்தை மட்டும் சேர்த்து வைப்பது எதற்கு?

டிஹெச்சிபி வரிகளிலேயே எச்சரிக்கை வேண்டும். பலர் போனுக்குச் சொந்தப் பெயரையே வைத்திருப்பார்கள், அது அப்படியே லாக்கில் விழும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். லாக் கோப்பை நிர்வாகி மட்டும் படிக்கிற மாதிரி உரிமை வையுங்கள், வைஃபை லாக் சேமிக்கப்படுகிறது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

ஈத்தர்_நெட்டி எழுதியது:

குவெரி லாக் போட்டால் வேறொரு தொல்லையும் உண்டு. வரிகள் ஆயிரக்கணக்கில் கொட்டும், ரேம் பஃபரில் நமக்கு வேண்டியது நிமிடத்தில் அடித்துப்போகும். என் ஓட்டும் வேண்டாம் என்பதற்கே.

சேலம்_சிக்னல் எழுதியது:

லாக் அவுட்புட் லெவலை டீபக் ஆக்கினால் இன்னும் விவரம் வருமா?

கோட்டாறு_கோபுரம் எழுதியது:

வராது. அந்த அமைப்பு கெர்னல் செய்திகளில் எவை கன்சோலில் தெரிய வேண்டும் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். லாக்டிக்குப் போவதில் அது கைவைக்காது. வைஃபை பற்றி அதிகம் தெரிய வேண்டுமென்றால் வயர்லெஸ் அமைப்புக் கோப்பில் ரேடியோவுக்குக் கீழே லாக்-லெவல் என்று தனியாக இருக்கிறது. சொல்லாவிட்டால் 2, ஒன்றோ பூஜ்யமோ வைத்தால் ஹோஸ்ட்-ஏபிடி எல்லாவற்றையும் கொட்டும். இவருக்கு வைஃபை குறி முழுசாக இருக்கிறது என்பதால் இப்போதைக்கு அது தேவைப்படாது.

பாளை_படிப்பகம் எழுதியது:

பிடித்துவிட்டோம்! நேற்று சாயங்காலம் மறுபடி நின்றது, வழக்கம்போல ஒரு தம்பி போய் அணைத்துப் போட்டுவிட்டான். இந்த முறை லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

சரியாக 19:00:00 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் ஒரு வேலையைத் தொடங்கியதாக ஒரு வரி. அது விளம்பரத் தடுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கிற வேலை, முன்பு அமைத்தவர் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் வைத்திருக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் கெர்னலிடமிருந்து நீளமான வரிகள், நடுவில் "அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்" என்று, அடைப்புக்குள் டிஎன்எஸ்மாஸ்க் (டிஎன்எஸ், டிஹெச்சிபி இரண்டையும் கவனிக்கும் நிரல்). சில நொடியில் டிஎன்எஸ்மாஸ்க் மறுபடி எழுகிறது, மறுபடி கொல்லப்படுகிறது. இப்படியே திரும்பத் திரும்ப. கடைசியில், விழுந்த நிரல்களை எழுப்பிவிடும் புரோக்டி என்பதிடமிருந்து கிராஷ் லூப், 6 கிராஷ் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு டிஹெச்சிபி வரி ஒன்றுகூட இல்லை. ஹோஸ்ட்-ஏபிடி மட்டும் போன்கள் வந்து சேருவதை எழுதிக்கொண்டே இருக்கிறது. பிறகு கெர்னல் பூட் வரிகள். அது தம்பி அணைத்துப் போட்ட இடம்.

காலை ஏழு மணி வரிகளையும் பார்த்தேன். அதே வேலை ஓடியிருக்கிறது, ஒன்றும் சாகவில்லை.

பழைய_முனையம் எழுதியது:

அருமையாகப் படித்திருக்கிறீர்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நடப்பது இதுதான். புதுப்பிக்கும்போது பட்டியலை இறக்கி டெம்ப்பில் வைக்கும், அது ரேம். வரிசைப்படுத்தி இரட்டிப்புகளை நீக்க இன்னும் கொஞ்சம் ரேம். பிறகு டிஎன்எஸ்மாஸ்க் அதே பட்டியலைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், அதுவும் ரேம். காலையில் படிப்பகத்தில் ஆள் குறைவு, எப்படியோ தாங்கிவிடுகிறது. மாலையில் அத்தனை போனும் இணைந்திருக்கும்போது இடம் இல்லை. கெர்னல் மிகப் பெரிய ஆளைப் பார்த்து வெட்டுகிறது, அது டிஎன்எஸ்மாஸ்க். புரோக்டி எழுப்பிப் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்பச் செத்தால் இனி வேண்டாம் என்று விட்டுவிடும். அதன் பிறகு பெயரைத் தீர்ப்பாரும் இல்லை, புது போனுக்கு முகவரி கொடுப்பாரும் இல்லை. வைஃபைக் குறி மட்டும் முழுசாக நிற்கும், அதைப் பார்த்துக்கொள்வது ஹோஸ்ட்-ஏபிடி என்ற வேறு நிரல்.

லாக் சர்வருக்கு எண்ணைக் கொடுக்கச் சொன்னது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். பெயரைக் கொடுத்திருந்தால் ரூட்டர் திரும்ப எழும்போது லேப்டாப் எங்கே என்று இதே டிஎன்எஸ்மாஸ்கிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

பட்டியல்களில் மிகச் சிறிய ஒன்றை மட்டும் வையுங்கள், நேரத்தை விடிகாலை நாலு மணிக்கு மாற்றுங்கள். 128 எம்பியில் பெரிய பட்டியல் எதற்கும் இடம் இல்லை.

பாளை_படிப்பகம் எழுதியது:

இரண்டும் செய்துவிட்டேன் சார். இன்று மாலை ஏழு மணிக்கு லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், டிஹெச்சிபி வரிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. மாதிரித் தேர்வு எழுதினவர்கள் எல்லாரும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கோட்டாறு அண்ணாச்சிக்கும், சட்டப்பக்கம் அவர்களுக்கும், எல்லாருக்கும் மிக்க நன்றி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பஃபரை 512இலிருந்து பழையபடி குறைக்கட்டுமா? லாக்ரோடேட்டில் என்ன எழுத வேண்டும்?

கோட்டாறு_கோபுரம் எழுதியது:

512 இருக்கட்டும் அண்ணாச்சி. லேப்டாப் அணைந்திருக்கிற நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

லாக்ரோடேட்டில் ரூட்டர் கோப்புக்குத் தனி விதி: டெய்லி, ரோடேட் 180, கம்ப்ரஸ், டிலே-கம்ப்ரஸ், மிஸ்ஸிங்-ஓகே. சுழற்றிய பின் ஆர்சிஸ்லாக்குக்குத் தகவல் சொல்கிற போஸ்ட்ரோடேட் பகுதியை மறக்காதீர்கள், இல்லையென்றால் அது பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். டெபியன் தருகிற ஆர்சிஸ்லாக் விதியில் அந்த வரி இருக்கிறது, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு லாக்ரோடேட்டை டீபக் முறையில் ஒரு முறை ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் காட்டும்.